சிகிச்சைக்கும் சாவுக்கும் நடுவே: நோயால் வேலை நின்ற இணையரின் வருமானப் பாதுகாப்பு, போலகத்தை முன்வைத்து

கடும்நோய் உழைக்கும் குடும்பத்தை இரண்டு வழியில் தாக்குகிறது. ஒன்று மருத்துவச் செலவு, மற்றொன்று வருமான இழப்பு. இந்தியாவில் கடந்த இருபது ஆண்டுகளில் முதலாவதைக் குறைக்கப் பல திட்டங்கள் வந்துள்ளன. இரண்டாவது பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விடப்பட்டிருக்கிறது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் பக்கவாதத்தாலோ புற்றுநோயாலோ சிறுநீரகச் செயலிழப்பாலோ வேலைக்குப் போக முடியாமல் போனால், பராமரிக்க வேண்டிய மற்றவரின் வருமானமும் சேர்ந்தே குறைகிறது. படுத்தவர் ஒருவர் என்றாலும் வேலை நாள்களை இழப்பவர்கள் இருவர்.

நோய் நீடிக்கும் அந்தக் காலத்தில் இணையருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கிறது, எப்போது நின்றுபோகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த போலகம் இதற்குப் பொருத்தமான களம். தொழிற்சாலைக் கூலி, வயல் கூலி, கடல் தொழில், அரசு வேலை, பிரெஞ்சு ஓய்வூதியம் ஆகிய எல்லாம் சில கிலோமீட்டருக்குள் கலந்து கிடக்கும் பகுதி அது.

1. களம்

காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்ட புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் துண்டு நிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கு இருந்தவர்கள் 2,00,222 பேர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. மாவட்டத்தின் தென்கோடியில், நாகூருக்கு வடக்கே இருக்கிறது திருமலைராயன்பட்டினம் கொம்யூன். போலகத்தில் புதுச்சேரி அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான பிப்டிக் தொழில் வளர்ச்சி மையம் அமைத்தது. நரிமணம் வட்டாரத்தின் இயற்கை எரிவாயுவும் ஒன்றியப் பகுதியின் வரிச் சலுகைகளும் தொழிற்சாலைகளை இப்பக்கம் இழுத்தன. சுற்றிலும் காவிரிக் கடைமடை வயல்கள். கிழக்கே மீனவர் குடியிருப்புகள்.

ஒரே தெருவில் ஒருவர் கான்ட்ராக்டர் மூலம் தொழிற்சாலைக்குப் போகிறார், அடுத்த வீட்டுப் பெண் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார், மூன்றாம் வீட்டவர் கட்டடக் கொத்தனார். மூவருக்கும் ஒரே நோய் வந்தாலும் சட்டம் அவர்களுக்கு வழங்குவது ஒன்றல்ல. வேலை எந்த வகை என்பதே நோய்க்கால வருமானத்தைத் தீர்மானிக்கிறது, நோயின் கடுமை அதற்கு அடுத்தபடிதான்.

2. செலவை எண்ணும் கணக்கு, கூலியை எண்ணாத கணக்கு

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இது முன்னேற்றம்தான். 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கிறது. உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு ஏழை நோயாளிகள் புதுச்சேரி அரசின் மருத்துவ நிவாரணச் சங்கத்திடமும் உதவி பெறலாம். ஆனால் இக்கணக்குகள் எல்லாம் செலவழித்த பணத்தை எண்ணுபவை. வராமல் போன கூலி அவற்றில் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. அறுவைச் சிகிச்சை இலவசமாக முடிந்து வீடு திரும்பிய ஒருவர், அதன்பின் ஓராண்டு வேலைக்குப் போகாமல் கடனில் மூழ்கினால், புள்ளிவிவரம் அவரைக் காப்பாற்றப்பட்டவர் என்றே காட்டும்.

ஆய்வாளர்கள் இந்த இடைவெளியை முன்பே கண்டிருக்கிறார்கள். பால் கெர்ட்லரும் ஜோனதன் குரூபரும் இந்தோனேசியக் குடும்பங்களைப் பற்றி 2002இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டனர். உடல் இயக்கத்தைப் பாதிக்காத நோய்களின் பொருளாதார இழப்பைக் குடும்பங்கள் முழுவதும் சமாளித்துவிடுகின்றன. நடுத்தரமாகப் பாதிக்கும் நோயில் இழப்பின் 71 விழுக்காட்டைச் சமாளிக்கின்றன. உடல் இயக்கத்தைக் கடுமையாக முடக்கும் நோய் வரும்போது 38 விழுக்காட்டுக்கு மேல் அவர்களால் ஈடுகட்ட முடியவில்லை. உறவும் ஊரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது அளந்து சொன்ன எல்லை. உறவினர்கள் காய்ச்சலுக்கு உதவுவார்கள், பத்து நாள் படுக்கைக்கும் உதவுவார்கள். இரண்டாண்டுப் படுக்கையைத் தாங்க அவர்களுக்கும் வசதி இருப்பதில்லை.

அனிருத் கிருஷ்ணா 2010இல் வெளியிட்ட நூலும் இதே திசையில் செல்கிறது. ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் உள்ளிட்ட பகுதிகளில் குடும்பங்கள் வறுமைக்குள் விழுந்த காரணங்களைத் தேடியபோது, நோயும் அதன் செலவும் முதன்மைக் காரணமாக வெளிப்பட்டன. கொள்கை வகுப்பில் கூலி இழப்பை வெளிப்படையாகக் கணக்கில் சேர்த்த துறை காசநோய்த் துறை. சிகிச்சைச் செலவு, பயணச் செலவு, இழந்த வருமானம் மூன்றும் சேர்ந்து குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அது பேரிழப்பு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இந்திய அரசு 2018 முதல் காசநோயாளிகளுக்கு மாதம் ₹500 ஊட்டச்சத்து உதவி தந்து, 2024 நவம்பரில் அதை ₹1,000 ஆக்கியது. சிறுநீரக நோய்க்கோ பக்கவாதத்துக்கோ இத்தகைய தேசியத் திட்டம் வரவில்லை.

3. இ.எஸ்.ஐ. வட்டத்துக்குள்

போலகத்துத் தொழிற்சாலைக் கூலிக்காரருக்கு இருப்பதில் வலுவான பாதுகாப்பு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடுதான். பி.பி. அடார்கர் 1944இல் தந்த அறிக்கையை அடித்தளமாகக் கொண்டு 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டம் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், மாதச் சம்பளம் ₹21,000 வரை உள்ளவர்கள் இதில் சேர்கிறார்கள். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு.

மாதம் ₹15,000 வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். அவர் கையிலிருந்து பிடிப்பது ₹112.50, முதலாளி கட்டுவது ₹487.50. அவர் நோயில் விழுந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரித் தினக்கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். தினக்கூலி ₹500 என்றால் நாளுக்கு ₹350, 91 நாளுக்கு ₹31,850. நோய் காசநோய், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் போன்ற 34 நீண்டகால நோய்களில் ஒன்றாக இருந்தால் நீட்டிப்பு உண்டு. அப்போது விகிதம் 80 விழுக்காடாக உயர்ந்து, இரண்டாண்டு வரை தொடரலாம். நாளுக்கு ₹400, மாதத்துக்கு ஏறத்தாழ ₹12,000. நோய்ப்பணம் வாங்கும் காலத்தில் முதலாளி வேலைநீக்கம் செய்யவும் 1948 சட்டத்தின் 73ஆம் பிரிவு தடை விதித்தது. இந்திய உழைப்பாளிக்குக் கிடைக்கும் நோய்க்கால ஏற்பாடுகளில் மரியாதையானது என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். இங்கே பணம் உரிமையாக வருகிறது. மனைவி வேலைக்குப் போகிறாரா, வீட்டில் டிவி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

குறை இருப்பது வாசற்படியில்தான். நோய்ப்பணத்துக்கு, ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரியில்தான் பலன் காலம் பிறக்கும். புதிதாகச் சேர்ந்தவர் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். நீட்டித்த பணத்துக்கு இரண்டாண்டுத் தொடர் வேலையும், நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் கட்டணமும் தேவை. கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் இடையில் சில வாரம் வேலையில்லாமல் இருக்கும் ஒருவருக்கு இந்த எண்ணிக்கை எளிதில் நிறையாது. கான்ட்ராக்டர் கட்டத் தவறினால் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு என்று சட்டம் சொல்லியும், பிடித்தம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தொழிலாளி பார்ப்பது பெரும்பாலும் நோய் வந்த பிறகுதான்.

சம்பள வரம்பின் விளைவும் விசித்திரமானது. ₹21,000 என்ற எல்லை 2017 ஜனவரி 1 அன்று வைக்கப்பட்டது. அதன்பின் விலைவாசி ஏறியபடியே இருக்க, சம்பளம் ₹21,500 ஆன தொழிலாளி நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். ஐந்நூறு ரூபாய்ச் சம்பள உயர்வு இரண்டாண்டு நோய்ப்பாதுகாப்பைப் பறித்துக்கொள்கிறது.

இணையரைப் பொறுத்தவரை முக்கியமான குறை வேறொன்று. காப்பீட்டாளரின் கணவன் அல்லது மனைவிக்கு மருத்துவச் சிகிச்சை உண்டு. பணப்பலன் காப்பீட்டாளரின் சொந்த நோய்க்கு மட்டுமே. மனைவிக்குப் புற்றுநோய் வந்து, கணவன் மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் உடன் இருந்தால், இழந்த கூலிக்கு ஒரு ரூபாயும் இல்லை. புதுச்சேரிப் பகுதியின் இ.எஸ்.ஐ. மருத்துவமனை கோரிமேட்டில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். அங்கே நோயாளியைத் தனியாக அனுப்பும் குடும்பம் எதுவும் இல்லை. ஒரு பயணத்தில் இருவரின் நாளும் போகிறது.

4. மூன்றாம் ஆண்டு

இரண்டாண்டு முடிந்த பிறகும் எழுந்து நடக்க முடியாதவருக்கு என்ன வழி? அடுத்த கதவு பி.எஃப். எனும் வருங்கால வைப்புநிதி அலுவலகத்துடையது. 1995 ஓய்வூதியத் திட்டத்தில், வேலையில் இருக்கும்போது முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாமைக்கு ஆளானவருக்கு ஓய்வூதியம் உண்டு. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தால்கூடத் தகுதி வந்துவிடுகிறது. ஆனால் தொகை பணிக்காலத்தைப் பொறுத்தது. சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70ஆல் வகுப்பதே சூத்திரம், கணக்கில் சேரும் சம்பளத்தின் உச்சம் ₹15,000. ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு 15,000 × 5 ÷ 70, அதாவது மாதம் ₹1,071. 2014 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் ₹1,000. நோயின் முதல் இரண்டாண்டில் மாதம் ₹12,000 வரை பெற்ற குடும்பம் மூன்றாம் ஆண்டில் ₹1,071க்கு இறங்குகிறது.

இதே தொழிலாளி இறந்துபோயிருந்தால் கணக்கு வேறு. மனைவிக்கான ஓய்வூதியத்தின் அடிமட்டத்தை, பணிக்காலத்தைப் பார்க்காமல் சம்பளத்தை மட்டும் பார்க்கும் ஓர் அட்டவணை காக்கிறது. ஒரு மாத வேலைக்குப் பின் இறந்தாலும் அந்த அடிமட்டம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 25 விழுக்காடு தனியாக. இதற்கும் மேலாக, வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்து இறந்தவரின் குடும்பத்துக்கு ₹2.5 லட்சத்திலிருந்து ₹7 லட்சம் வரை ஒரே தொகையாகக் கிடைக்கிறது. உயிரோடு படுத்த படுக்கையாக இருப்பவரின் குடும்பத்துக்கு அந்தக் காப்பீட்டிலிருந்து எதுவும் வராது. இறந்தவர் வீட்டில் வருமானம் போகிறது. படுக்கையில் கிடப்பவர் வீட்டில் வருமானம் போவதோடு மருந்தும் பராமரிப்பும் சேர்கின்றன. தேவை கூடிய வீட்டுக்குக் குறைவாகக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த முடியாது.

நோய்க்காகப் பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் எடுக்கலாம். ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது தொழிலாளியின் பங்கும் வட்டியும், இவற்றில் எது குறைவோ அது என்பது நீண்டகாலம் இருந்த விதி. அது அவருடைய முதுமைக்கான சேமிப்பு. தன் முதுமையிடம் வாங்கும் கடனை உதவி என்று எண்ண இடமில்லை.

இ.எஸ்.ஐ.யில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ்காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம், வேலைக்கு வெளியே ஏற்பட்ட காயத்தால் 40 விழுக்காடும் அதற்கு மேலும் நிரந்தர இயலாமை வந்து வேலை இழந்தவருக்கு 24 மாதம் வரை உதவுகிறது. முதலாண்டில் கூலியில் பாதி, இரண்டாமாண்டில் கால்பங்கு. காயம் என்ற சொல் இதன் எல்லையை வரைந்துவிடுகிறது. சாலை விபத்தில் கால் இழந்தவர் உள்ளே வரலாம், சிறுநீரகம் இழந்தவர் வெளியே நிற்கிறார்.

அரசு ஊழியர் நிலை இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. மத்திய விதிகளைப் பின்பற்றும் புதுச்சேரியில் மருத்துவ விடுப்பும், பழைய ஓய்வூதிய விதிகளுக்கு உட்பட்டவர்களுக்கு இயலாமை ஓய்வூதியமும் உண்டு. மருத்துவக் காரணத்தால் 55 வயதுக்குள் ஓய்வு பெற்றவரின் மனைவியோ கணவனோ கருணை அடிப்படையில் வேலை கேட்கவும் வழி இருக்கிறது. கருணை நியமன விதி மட்டுமே, நோயாளியின் இணையை வருமானம் ஈட்டப்போகிறவராகப் பார்க்கிறது.

5. வட்டத்துக்கு வெளியே

வயல் கூலி, கொத்து வேலை, மீன்பிடி, வீட்டு வேலை செய்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் இல்லை. அவர்களுக்குத் திறந்திருப்பவை நலத்திட்டங்களின் கதவுகள். அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வேண்டும்: மாற்றுத்திறனாளி, முதியவர், விதவை, கைவிடப்பட்டவர். நோயால் வேலைக்குப் போக முடியாதவர் என்ற அடையாளம் இந்தப் பட்டியலில் கிடையாது.

மாற்றுத்திறனாளி என்ற கதவை முதலில் பார்க்கலாம். மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம் 80 விழுக்காடு ஊனமும் வறுமைக்கோட்டுத் தகுதியும் கேட்கிறது, தருவது மாதம் ₹300. புதுச்சேரி அரசு தன் நிதியிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு இதைவிடத் தாராளமாக வழங்குகிறது. ஆனால் சான்றிதழ் வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைகள் உள்ளன. பக்கவாதத்தால் கை கால் விளங்காமல் போனவருக்கு இடம் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கும் தசைச்சிதைவுக்கும் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பும் இதயச் செயலிழப்பும் புற்றுநோயும் அந்த 21இல் இல்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் வாரத்தை எண்ணிப் பார்த்தால் இந்த விடுபடலின் பொருள் விளங்கும். வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். போக வர, காத்திருக்க, முடிந்தபின் களைப்புத் தீர என ஒவ்வொன்றும் ஒரு முழு நாள். 2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தால் ஏழைகளுக்கு இந்தச் சிகிச்சை இலவசம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் வர முடியாதவரை எந்தக் கொத்தனாரும் சித்தாளாக வைத்துக்கொள்ள மாட்டார். மற்ற நாள்களிலும் மண் சுமக்கும் வலு அவருக்கு இருப்பதில்லை. உடன் போகும் மனைவிக்கும் அதே மூன்று நாள் போகிறது. அரசு இயந்திரத்தை இலவசமாக இயக்குகிறது, அதில் இணைந்திருப்பவரின் வீட்டு அரிசியைப் பற்றி ரேஷன் கடைக்கு அப்பால் யோசிப்பதில்லை.

மனைவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு முரண் தெரிகிறது. புதுச்சேரியில் முதியோர், விதவையர், கணவனால் கைவிடப்பட்டோர், திருமணமாகாத பெண்கள், திருநங்கையர் ஆகியோருக்கு மாத உதவித்தொகை உண்டு. கணவன் உயிரோடு, உடன் இருந்து, உழைக்க முடியாமல் கிடக்கும் பெண் இவற்றில் எதற்குள்ளும் வரமாட்டார். 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்துவந்தவர் இறந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ₹20,000 தருகிறது. அவர் இறக்காமல் உழைக்க முடியாமல் போனால் அதுவும் இல்லை. வேறு உதவித்தொகை பெறாத ஏழைக் குடும்பத் தலைவிகளுக்கு 2023இல் தொடங்கிய மாதம் ₹1,000 திட்டம் (2025 வரவு செலவுத் திட்டத்தில் ₹2,500 ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது) சிவப்பு ரேஷன் அட்டை உள்ள வீட்டில் இந்தப் பெண்ணின் கையிலும் பணத்தைக் கொண்டு சேர்க்கிறது. பயனுள்ள பணம். ஆனால் கணவன் நலமாக உழைக்கும் வீட்டுக்கும் படுத்திருக்கும் வீட்டுக்கும் ஒரே தொகை. 55 வயதைத் தாண்டினால் அதுவும் நின்றுபோகிறது, நோய் கூடும் வயதோ அதுதான்.

எல்லைக்கு அப்பால், நாகை மாவட்டத்தில், ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2.5 ஏக்கர் நன்செய் அல்லது 5 ஏக்கர் புன்செய் வரை உள்ள சிறு குறு விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் பதிவு செய்கிறது. அதில் விபத்துக்கும் மரணத்துக்கும் உள்ளதோடு தற்காலிக இயலாமைக்கும் மாத உதவித்தொகை உண்டு. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, காசநோய், எச்.ஐ.வி. போன்ற நோய்களால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு அது உரியது. தொகை சிறியது, பெறுபவர்களும் குறைவு. ஆனாலும், நோய்வாய்ப்பட்ட கூலிக்காரர் சாகாமலும் ஊனச் சான்று பெறாமலும் உதவிக்கு உரியவர் என்ற கருத்து அரசு ஆணையில் ஏறிவிட்டது. ஒரே வாய்க்கால் நீரில் நடவு நடும் இரு பெண்களில், எல்லைக்கு இந்தப்புறம் இருப்பவருக்கு அந்தத் தகுதி கிடைப்பதில்லை.

6. இணையர் தாமே கட்டிய காப்பீடு

அரசு விட்ட இடத்தைக் குடும்பங்கள் வரிசைப்படி நிரப்புகின்றன. முதலில் கையிருப்பு, பிறகு நகை. மனைவியின் கழுத்திலும் காதிலும் இருப்பதே டெல்டாக் குடும்பத்தின் நோய்க்காப்பீடு. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும். மீட்க வருமானம் இல்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். பெண்ணின் தனிச்சொத்து கணவனின் கூலி இழப்பை ஈடுகட்டிக் கரைகிறது என்பது எந்தக் கணக்கிலும் பதிவாகாத சொத்து மாற்றம்.

அடுத்து மகளிர் குழுக் கடனும் நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தரக் கடனும். நுண்கடனோடு சேர்த்து விற்கப்படும் காப்பீடு பொதுவாகக் கணவன் மனைவி இருவரில் ஒருவர் இறந்தால் கடனைத் தீர்க்கும். நோயில் படுத்தால் தவணை நிற்காது. ஆண்டுக்கு ₹436 கட்டும் பிரதமர் ஜீவன் ஜோதி மரணத்துக்கு ₹2 லட்சம் தருகிறது. ₹20 கட்டும் சுரக்ஷா பீமா விபத்துக்கு மட்டும். மலிவான காப்பீடு எல்லாம் மரணத்தையும் விபத்தையும் சுற்றியே வருகிறது. நோய்க்கால வருமானத்துக்குக் காப்பீடு விற்க யாரும் ஏழைகளின் வாசலுக்கு வருவதில்லை.

மூன்றாவது, மற்றவரின் உழைப்பு. 2005 சட்டம் தந்த நூறு நாள் வேலை குடும்பத்துக்கான உரிமையாக வகுக்கப்பட்டது. ஒருவர் படுத்தாலும் மற்றவர் முழு நூறு நாளையும் எடுத்துக்கொள்ள முடிந்தது. இணையரை ஓர் அலகாக வைத்த மிகச் சில ஏற்பாடுகளில் ஒன்று அது, நோய்க்காலத்தில் உண்மையாகவே கைகொடுத்ததும் அதனால்தான். ஆனால் படுத்தவரை யார் பார்ப்பது? வேலைக்குப் போகும் பெண் காலையில் கஞ்சி வைத்துவிட்டுப் போய் மதியம் ஓடி வருகிறார், அல்லது பள்ளிக்குப் போகும் மகள் நின்றுவிடுகிறாள். மனைவி நோயாளியானால் பராமரிப்பு பெரும்பாலும் மகளுக்கோ பாட்டிக்கோ போகிறது. பராமரிப்பு என்பது கூலியில்லாத வேலையாக வீட்டுப் பெண்களுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

7. வேறு இடங்களின் விடைகள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 102ஆம் உடன்படிக்கை, நோய்க்காலத்தில் முன்னைய கூலியில் குறைந்தது 45 விழுக்காடும், நீடித்த இயலாமையில் 40 விழுக்காடும் வேண்டும் என்கிறது. இந்த அளவை நிர்ணயிக்க அது எடுத்துக்கொண்ட மாதிரிப் பயனாளி, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஓர் ஆண். அந்தக் காலத்துப் பார்வை அது என்றாலும், நோய்ப்பணம் ஒரு வீட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இந்தியா இதை ஏற்று ஒப்பமிடவில்லை.

காரைக்கால் வாசகருக்குப் பிரான்ஸ் தொலைவான நாடல்ல. 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் வழியாக அந்நாட்டு ஓய்வூதியம் இங்கே பழக்கமானது. பிரெஞ்சு முறையில் நோய்க்காலத் தினப்பணம் தினக்கூலியில் பாதி, நீண்டகால நோய்க்கு மூன்றாண்டு வரை. அது முடியும் இடத்தில் இயலாமை ஓய்வூதியம் தொடங்குகிறது. ஓரளவு உழைக்கக்கூடியவருக்கு 30 விழுக்காடு, முடியாதவருக்கு 50 விழுக்காடு, பிறர் துணையின்றி வாழ முடியாதவருக்கு அதோடு துணையாளுக்கான கூடுதல் தொகை. 2020 முதல் பராமரிப்பவர் வேலையை விட்டு இருக்கும் நாள்களுக்கும் தினப்படி உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது தொகைகளின் அளவை விட அவற்றின் தொடர்ச்சி. ஒன்று முடியும் நாளில் அடுத்தது தொடங்குகிறது. போலகத்துத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. முடியும் நாளுக்கும் பி.எஃப். ஓய்வூதியத்துக்கும் இடையே எந்தப் பாலமும் இல்லை.

பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் இணையரை நேரடியாக ஓர் அலகாகக் கொள்கிறது. இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். நோயாளிக்கும், வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவருக்கும் கூடுதல் தொகை உண்டு. ஆனால் நலமாக இருப்பவர் சம்பாதிக்கும்போது, ஒரு வரம்புக்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைக்கப்படுகிறது. வீட்டைத் தாங்க வேலைக்குப் போகும் துணைக்கு அது ஒரு தண்டனைபோல் அமைந்துவிடுகிறது. இணையர் ஓர் அலகு என்ற கொள்கைக்கு இந்த ஆபத்தும் உண்டு. தேவையைக் கணக்கிட வீட்டை அலகாக்கலாம். உரிமையைக் குறைக்க வீட்டை அலகாக்கினால் உழைக்கும் துணையே இழக்கிறார். இழந்த கூலிக்கான பணம் நோயாளியின் தனி உரிமையாகவும், பராமரிப்புப் பணம் துணையின் தனி உரிமையாகவும் இருப்பதே சரியாகும்.

சிறிய வருமானமுள்ள அரசுகளாலும் ஓரளவு செய்ய முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டம் மாதம் ₹600 என நிர்ணயித்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிக்கு சமாஸ்வாசம் ₹1,100 என்றது. தொகைகள் மிகக் குறைவு, ஆனால் இரண்டும் சேர்ந்து நோயாளி, பராமரிப்பவர் என்ற இருவரையும் தனித்தனியாக அங்கீகரிக்கின்றன. இலங்கையிலும் சிறுநீரக நோயாளிகளுக்கென மாத உதவித்தொகை உண்டு. வடமத்திய மாகாண உழவர்களிடையே அந்நோய் பரவியதுதான் அரசை அதற்குத் தள்ளியது.

8. சான்றும் செலவும்

நோய்க்கு மாதப்பணம் கொடுத்தால் பொய்ச் சான்றுகள் பெருகும் என்பது முதல் எதிர்ப்பு. இந்தக் கவலை புதிதல்ல. இ.எஸ்.ஐ. தொடக்கத்திலிருந்தே முதலிரண்டு நாள் காத்திருப்பு, கூலியில் ஒரு பகுதி மட்டும், மருத்துவ மறுபரிசோதனை என்ற மூன்று தடைகளை வைத்திருக்கிறது. சில நாள் காய்ச்சலுக்குப் பொய் சொல்வது எளிது. டயாலிசிஸ் பதிவேட்டிலும் கீமோதெரபி அட்டையிலும் பொய் சொல்வது கடினம். கடும்நோயில் தொடங்கினால் இந்த எதிர்ப்பு வலுவிழக்கிறது.

செலவு என்பது இரண்டாவது எதிர்ப்பு. காரைக்கால் போன்ற இரண்டு லட்சம் பேர் உள்ள பகுதியில் டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, கடும் பக்கவாதம் என வரையறுத்தால் பயனாளிகள் எண்ணக்கூடிய அளவிலேயே இருப்பார்கள். பெரும்பாலோர் பெயர் ஏற்கெனவே அரசு மருத்துவமனையிலோ காப்பீட்டுப் பதிவிலோ இருக்கிறது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996 சட்டம் கடும்நோய்ச் சிகிச்சைக்கு வாரியம் உதவலாம் என்றது. அந்த வாரியங்களுக்குக் கட்டடச் செஸ் மூலம் தனி வருவாய் உண்டு. சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்ற பிறகு, வாரியத்தின் பணம் கூலி இழப்புக்குத் திரும்புவதே பொருத்தம். பி.எஃப். பக்கத்தில் திருத்தம் இன்னும் எளியது. விதவை ஓய்வூதியத்தைக் காக்கும் அட்டவணையை இயலாமை ஓய்வூதியத்துக்கும் விரித்தால், வாழும் தொழிலாளி இறந்தவரைவிடக் குறைவாகப் பெறும் நிலை மாறும்.

யார் இணையர் என்பது மூன்றாவது கேள்வி. திருமணப் பதிவு இல்லாதவர்கள், பிரிந்திருந்து நோய்க்காகத் திரும்பி வந்தவர்கள், மனைவியில்லாமல் தங்கையால் பராமரிக்கப்படுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பராமரிப்புப் பணத்தைத் திருமணச் சான்றோடு கட்டாமல், நோயாளி பெயர் சொல்லும் பராமரிப்பவரோடு கட்டுவது இச்சிக்கலைக் குறைக்கும். 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோரின் பராமரிப்புக்கான படியை ஏற்கெனவே குறிப்பிடுகிறது. அதற்கான கொள்கையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் எஞ்சுவது சான்று. நோயின் பெயரையும் ஊன விழுக்காட்டையும் எழுதும் இப்போதைய சான்றுக்குப் பதில், இவர் எத்தனை நாள் எந்த வகை வேலை செய்ய இயலும் என்று எழுதும் சான்று தேவை. 2016 முதல் காரைக்காலில் மருத்துவக் கல்வி நடத்தும் ஜிப்மர் கிளையிலும் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் அதை வழங்கும் அறிவு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படலாம். நோயாளியால் வர முடியாதபோது கொம்யூனின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வீட்டுக்குச் சென்று பார்த்துச் சான்று தரவேண்டும் என்பதும், முதல் மாதப் பணம் சான்று வந்த நாளிலிருந்து அல்லாமல் வேலை நின்ற நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்பதும் விதியிலேயே எழுதப்பட வேண்டியவை.